பாலைக்கு நிலம் இல்லையா?

நிலத்தை நான்காகப் பகுத்தார் தொல்காப்பியர். காடு முல்லை, மலை குறிஞ்சி, வயல் மருதம், கடற்கரை நெய்தல். பாலைக்கு என்ன தந்தார்? பிரிவு என்னும் ஒழுக்கத்தைத் தந்தார். நண்பகலைத் தந்தார். வேனிலையும் பின்பனியையும் பொழுதாக்கித் தந்தார். காலூன்றி நிற்க ஒரு சாண் நிலம் மட்டும் தரவில்லை! பின்வந்த இளங்கோவடிகள் காடுகாண் காதையில் இதற்கு விளக்கம் கூறினார். முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி முறைதிரிந்து, தம் நல்லியல்பு இழந்த காலத்தில் ஏற்கும் கோலமே பாலை என்றார். அஃதாவது பாலை தனி நிலமன்று, நோயுற்ற நிலம். நோய் நீங்கின் பாலையும் நீங்கும்.

இதனைப் பெருமையாகப் பேசும் வழக்கம் நம் தமிழ் வகுப்பறைகளில் இருக்கிறது. "தமிழகத்தில் இயற்கையாகப் பாலைநிலமே கிடையாது, அத்துணை வளமான நாடு நம் நாடு" என்று ஆசிரியர் கூறுவார், மாணவர் எழுதிக்கொள்வர். நாமும் அப்படியே எழுதிக்கொண்டவர்தாம். ஆனால் கல்லூரியை விட்டு, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட மேட்டு வெளியில் ஒரு பள்ளிக்கு ஆசிரியராய் வந்து சேர்ந்தபின், அந்த வாக்கியத்தை மாணவர் முன் கூற நமக்கு நா எழவில்லை. சாளரத்துக்கு வெளியே நிற்பது என்ன? பொறுக்கு வெடித்த செம்மண், பாறை முதுகு, பனை. பங்குனியில் அங்கே பசுமை என்று ஒன்று உண்டென்றால் அது வேலிக் கிளுவையின் தண்டில் மட்டுமே. இலக்கணம் இல்லை என்று கூறும் நிலத்தில் இலட்சக்கணக்கானோர் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்!

எனவே நாம் இங்கே எடுத்துக்கொண்ட பொருள் இது: கடுமையான நிலத்தையும் அதில் வாழும் மாந்தரையும் தமிழ் இலக்கியம் எவ்வாறு கண்டது? அன்று கண்டதற்கும் இன்று காண்பதற்கும் வேறுபாடு உண்டா?

சங்கத்துப் புலவர் பாலையைப் பாடவில்லை என்று எவரும் கூறமுடியாது. அகநானூற்றின் நானூறு பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்றவை எல்லாம் பாலை. பாதிப் பங்கு, 200 பாடல்கள்! ஐங்குறுநூற்றில் ஒரு நூறு பாலைக்கே. கலித்தொகையில் பாலைக்கலி பாடிய சேர மன்னன் 'பாலை பாடிய பெருங்கடுங்கோ' என்றே பெயர் பெற்றான். வாடும் பெடையின் வருத்தத்தைத் தன் மென்சிறகால் ஆற்றும் புறா, கன்று கலக்கிய சிறிதளவு நீரைப் பிடிக்கு ஊட்டிய பின்னரே தான் பருகும் களிறு, இவற்றைக் காட்டி நெஞ்சைக் கரைப்பவை அப்பாடல்கள். அவற்றின் அழகில் நமக்கு ஐயமே இல்லை.

ஆனால் அந்தப் பாடல்களில் பாலையில் இருப்பவர் யார் என்று பாருங்கள். பொருள் தேடிச் செல்லும் தலைவன் அதைக் கடந்து போகிறான். வீட்டில் இருக்கும் தலைவி அதை எண்ணி அஞ்சுகிறாள். உடன்போக்கில் செல்லும் மகளை எண்ணித் தாய் அழுகிறாள். எல்லோருக்கும் பாலை ஒரு வழி. எவருக்கும் அது வீடன்று. அங்கேயே குடியிருக்கும் எயினரும் மறவரும் பெரும்பாலும் வில்லொடு வழியோரத்தில் நின்று, செல்வோரைக் கொன்று பொருள் பறிக்கும் கூட்டமாகவே வருகின்றனர். வழிப்போக்கனின் கண்ணால் எழுதப்பட்ட நிலம் பாலை! வழிப்போக்கனுக்கு வெயில் தெரியும், கல் தெரியும், கள்வன் தெரிவான். அந்தக் கள்வன் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது தெரியாது.

தெரிந்த புலவர் ஒருவர் உண்டு. அவரை மறைத்துப் பேசுவது நடுவுநிலை ஆகாது. பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் குடிசைக்குள்ளே நுழைகிறார். கரம்பு நிலத்தை இரும்புப் பூண் கட்டிய கோலால் குத்திப் புரட்டி, எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை எயிற்றியர் திரட்டுவதைக் காண்கிறார். விளாமர நிழலில், நிலத்தில் தோண்டிய உரலில் அதை இட்டுக் குற்றுவதைக் காண்கிறார். உவர்நீர் ஊறும் கிணற்றில் சிறிது நீர் முகந்து, வாய் உடைந்த பானையில் உலையேற்றி, வற்றல் இறைச்சியொடு விருந்தினர்க்குப் படைப்பதையும் காண்கிறார். ஒரு சில அடிகள்தாம். ஆயினும் கருவி உண்டு, உழைப்பு உண்டு, சமையல் உண்டு, விருந்தோம்பல் உண்டு. எறும்பின் களஞ்சியம் எங்கே இருக்கும் என்னும் அறிவு உண்டே, அது வழிப்போக்கனுக்கு வாய்க்குமா? நூற்றுக்கணக்கான பாலைப் பாடல்களைத் தட்டின் ஒருபுறமும் இந்தச் சில அடிகளை மறுபுறமும் வைத்தால், வாழ்க்கை என்னும் எடையில் தாழ்வது இந்தப் பக்கமே என்பது நம் கருத்து. கற்றோர் சினந்துகொள்ளலாம்.

வழிப்போக்கன் கண்ணுக்கும் குடியிருப்போன் கண்ணுக்கும் உள்ள இடைவெளி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலகின் வடகோடியில், மரமே வளராத தூந்திரப் பகுதியில், அந்த இடைவெளி 129 பேரைப் பலி கொண்டது. 1845 இல் சான் பிராங்கிளின் தலைமையில் ஆங்கிலக் கடற்படையின் இரண்டு கப்பல்கள் வடமேற்குக் கடல்வழி தேடிப் புறப்பட்டன. 'எரிபசு' ஒன்று, 'டெரர்' மற்றொன்று. தகரப் பெட்டிகளில் ஆண்டுக்கணக்கில் உணவு, நீராவிப் பொறி, நூலகம், வெள்ளிக் கரண்டி எல்லாம் இருந்தன. பனியில் சிக்கிய கப்பல்களை விட்டுவிட்டுக் கரையில் இறங்கி நடந்தவர்களில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை. அதே கரைகளில், பனி வீட்டிலும் தோல் கூடாரத்திலும், சீல் கொழுப்பு விளக்கின் ஒளியில் பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டிருந்தனர் இனூயிட்டு மக்கள்! நம் பாடநூல்கள் நெடுங்காலம் எசுகிமோ என்று எழுதி வந்தது இவர்களைத்தான். மாண்டவர்களின் இறுதி நிலை குறித்து இவர்கள் கூறியவற்றைக் கேட்டு, 1854 இல் சான் ரே என்பவர் இலண்டனுக்கு அறிவித்தார். பசியின் கொடுமையில் வீரர்கள் இறந்தோர் உடலை உண்டனர் என்பதும் அதில் இருந்தது. நாகரிகச் சீமை கொதித்தது. ஏழைகளுக்காகக் கண்ணீர் வடித்த எழுத்தாளர் சார்லசு டிக்கன்சே, காட்டுமிராண்டிகளின் பேச்சை நம்புவதா என்று தம் ஏட்டில் எழுதினார். நூற்றாண்டு கடந்து கப்பல்கள் கிடைத்தன. ஒன்று 2014 இல், மற்றொன்று 2016 இல். இனூயிட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூறி வந்த செய்திகளே தேடியவர்க்கு வழிகாட்டிகளுள் முதன்மையாக நின்றன. எலும்புகளில் கத்தித் தடம் கண்ட ஆய்வாளர்கள், அவர்கள் சொன்னது உண்மை என்றும் உறுதி செய்தனர்.

வகுப்பில் இந்தத் தூந்திரப் பாடத்தை நடத்தும்போது மாணவன் ஒருவன் எழுந்து, "அங்கே கிணறு வெட்டினால் தண்ணீர் வருமா, ஐயா?" என்று கேட்டான். நகரத்துப் பிள்ளை கேட்டிருப்பான் பனிக்கரடியைப் பற்றி! மேட்டுக்காட்டுப் பிள்ளை கேட்கக்கூடியது இது ஒன்றே. விடை வியப்பானது. தூந்திரத்தில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து பல இடங்களில் ஆண்டுக்கு 250 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. நம் நாமக்கல் மாவட்டத்திலோ 700 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. கணக்குப்படி அவர்களுடையதுதான் வறண்ட நாடு! ஆனால் அங்கே மண்ணுக்கு அடியில் என்றும் உருகாத உறைநிலம் இருப்பதால் கோடையில் உருகும் நீர் கீழே இறங்க வழியின்றி மேலேயே தேங்கிச் சதுப்பாகிறது. இங்கோ சில நாளில் கொட்டித் தீர்க்கும் மழையில் ஒரு பகுதியைக் கதிரவன் குடிக்கிறான், ஒரு பகுதி ஓடைவழி ஓடிவிடுகிறது, எஞ்சியது கடும்பாறையின் வெடிப்புகளில் மட்டும் ஒளிந்துகொள்கிறது. வெடிப்பு இருக்கும் இடத்தில் தோண்டியவன் பிழைத்தான். பத்தடி தள்ளித் தோண்டியவன் கடன்பட்டான்.

ஆகவேதான் நம் பக்கத்து மக்கள் நிலத்தைத் தொல்காப்பியர் வழியில் பகுக்கவில்லை. அவர்கள் வழக்கில் மூன்றே பிரிவு. வாய்க்கால் நீர் பாய்வது வயல். கிணற்று நீர் பாய்வது தோட்டம். வானத்தை மட்டும் நம்பிக் கிடப்பது காடு. 'காட்டுக்குப் போகிறேன்' என்றால் புலி உலவும் கானகத்துக்கு அன்று, சோளமோ கம்போ நிலக்கடலையோ ஆமணக்கோ விதைத்த மேட்டு நிலத்துக்கு! மலையும் கடலும் அன்று, நீரே இங்கே திணையை வகுக்கிறது. நீர் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதே இலக்கணம். இந்த இலக்கணத்தை எழுதியவர் எந்தப் புலவரும் இல்லர்.

காவிரி இந்த நிலத்தின் மேற்கு ஓரத்திலேயே ஓடுகிறது. ஆனால் ஆறு பள்ளத்தில், காடு மேட்டில். 1934 இல் மேட்டூரில் அணை கட்டி முடிக்கப்பட்டது. அது சேலம் மண்ணில் எழுந்த அணை. தேக்கிய நீரோ பெரும்பாலும் தஞ்சைக் கழனிக்கு. பின்னர் வெட்டப்பட்ட கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்கள் வழியே சேலம், நாமக்கல், ஈரோடு பகுதிகளில் பாசனம் பெறுவது 45,000 ஏக்கர். எஞ்சிய ஏக்கர்கள் அணையைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டன. 2021 இல்தான் மேட்டூர் உபரிநீரை ஏற்றி வறண்ட 100 ஏரிகளை நிரப்பும் திட்டம் தொடங்கப்பட்டது. தஞ்சை உழவர்மேல் நமக்கு வழக்கில்லை. இயற்கை ஒருபால் அளித்தது, ஒருபால் மறுத்தது என்று பாடும்போது, இடையில் மதகு ஒன்று இருப்பதையும் அதைத் திறக்கும் கை ஒன்று இருப்பதையும் பாடுக என்பதே நம் வேண்டுகோள்.

வறட்சி வேறு, பஞ்சம் வேறு. வறட்சி வானத்திலிருந்து வரும். பஞ்சம் கச்சேரியிலிருந்தும் கிடங்கிலிருந்தும் வரும். தாது வருடத்துப் பஞ்சத்தின் கணக்கைப் பாருங்கள். 1871 கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்ட மக்கள் தொகை ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881 இல் அது ஏறத்தாழ 16 இலட்சம்! மூன்றரை இலட்சம் பேருக்கு மேல் குறைந்தனர். பத்தாண்டில் பிறந்திருக்க வேண்டியவர்களை இதில் சேர்க்கவில்லை. 1877 சனவரி முதல் நாள் இலிட்டன் பிரபு தில்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து விருந்து நடத்தினார். அதே ஆண்டில் சென்னை மாகாணத்து நிவாரண வேலையில் கல்லுடைப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கூலி வகுத்தார். வானம் பொய்த்தது மெய். கூலியை வகுத்தது வானமா?

மழை பொய்த்த ஆண்டுகளில் நம் சிற்றூர்களில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்ததும், கழுதைக்குத் திருமணம் செய்வித்ததும் நாம் அறிந்தவை. கழுதைக்கு மணம் செய்தால் மழை வராது என்பதை இந்த ஏட்டின் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. அந்த ஒப்பாரியில் ஏதேனும் ஓர் உருவைக் குற்றவாளியாக்கி இழுத்துச் செல்லும் ஆவல் இருக்கிறதே, அது மட்டும் நம் கருத்தைக் கவர்கிறது. குற்றவாளி ஒருவன் உண்டு என்று மக்கள் உணர்ந்திருக்கின்றனர். உருவம்தான் வைக்கோலாய்ப் போயிற்று.

இனி, இக்காலப் புதினங்களுக்கு வருவோம். கொங்கு மண்ணை உரைநடைக்குக் கொண்டுவந்த முன்னோடி ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', 1942 இல் வெளிவந்தது. கைம்பெண் ஒருத்தி கணவன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள், கதை கொலையில் முடிகிறது. நாமக்கல் வட்டாரத்தின் கு. சின்னப்ப பாரதி 1975 இல் எழுதிய 'தாகம்', நிலம் இழந்த உழவன் பண்ணைக்கு அடிமைப்படும் வரலாறு. இரண்டுமே பேசற்குரியவை. எனினும் நம் பொருளுக்கு நேராக வந்து நிற்பது, திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. 2000 இல் வெளிவந்தது.

கூளையன் என்னும் அருந்ததியச் சிறுவன் கவுண்டர் வீட்டுக்கு ஆண்டுக் கூலிக்கு விடப்பட்டிருக்கிறான். ஆடு மேய்ப்பது, பட்டியில் காவல் கிடப்பது, ஏவிய வேலையெல்லாம் செய்வது அவன் வாழ்வு. வவுறி, நெடும்பன், செவிடி முதலிய கூட்டாளிகளும் அவ்வாறே பிற வீடுகளில் கட்டுண்டவர்கள். கதை முழுவதும் அந்த மேட்டு நிலத்தில்தான் நடக்கிறது. இதைப் படிக்கத் தொடங்கும் நகரத்து வாசகர் வறண்ட பூமியின் அவலத்தை எதிர்பார்த்து வருவார். ஆனால் கிடைப்பதோ ஒரு செல்வக் களஞ்சியம்! எந்தப் பனையில் எந்தக் காலத்தில் என்ன கிடைக்கும், எந்தப் பாறையின் மறைவில் காற்று வரும், எந்த ஆடு எந்த வேலியைத் தாண்டும், புழுதியில் விழும் முதல் மழை எப்படி மணக்கும் என எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. நொங்கும் பனம்பழமும் கிழங்கும் அவர்களுக்கு ஆண்டு முழுதும் திருவிழா. நிலம் அவர்களை வஞ்சிக்கவில்லை! எறும்பின் களஞ்சியத்தை அறிந்த எயிற்றியரின் அறிவு இருபது நூற்றாண்டு கடந்து இந்தப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்ததைப்போல் இருக்கிறது.

பின் கடுமை எங்கே? வீட்டு வாசலில் இருக்கிறது. எட்ட நின்று வாங்க வேண்டிய கூழில் இருக்கிறது. ஓர் ஆடு தொலைந்தால் தந்தையின் கடன் ஏட்டில் ஏறும் தொகையில் இருக்கிறது. அதே வயதுப் பண்ணைக்காரர் மகன் செல்வன் பள்ளிக்குப் போவதில் இருக்கிறது. தேங்காய் திருடினான் என்று சிறுவனைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடும் இடத்தில், நிலத்தின் கொடுமை எது, மனிதனின் கொடுமை எது என்ற வழக்குத் தீர்ந்துவிடுகிறது. உயிர் தரும் ஒரே ஊற்று கிணறு. அதையே தண்டனைக் கூடமாக்கியது யார்? கதையின் முடிவையும் ஆசிரியர் கிணற்றில்தான் வைத்திருக்கிறார். அதை இங்கே கூறி, படிக்கப் போகிறவர்க்குத் தீங்கு செய்ய நாம் விரும்பவில்லை.

கிணற்றைப் பற்றி இன்னொன்று கூற வேண்டும். மின்பொறி வருமுன் கொங்குத் தோட்டங்கள் எல்லாம் கவலை இறைத்துப் பயிர் செய்தன. எருது பள்ளத்தில் இறங்கக் கயிறு இழுபடும், தோற்பறியில் நீர் மேலேறி வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோலைப் பதனிட்டுத் தைத்துக் கொடுத்தவர், கிழிந்தபோது ஓடிவந்து ஒட்டுப் போட்டவர், அருந்ததியர். அவர் கைபட்ட பறி கிணற்றின் அடிவரை இறங்கி நீரில் மூழ்கியது. அவர் கை மட்டும் கிணற்றைத் தொடலாகாது! தோட்டம் விளைந்ததும் தோற்பறியால்தான், தீட்டுப் பேசியதும் அதே தோட்டத்தின் வரப்பில் நின்றுதான். 1927 இல் மகாடு நகரத்துக் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிப் பருகியதற்காக அடிதடி நடந்த நாடல்லவா இது! பனி உறைந்த தூந்திரத்தில் நீருக்குக் காவல் நின்றது குளிர். இங்கே நீருக்குக் காவல் நின்றது சாதி. இரண்டில் எது கடிய தட்பவெப்பம் என்று புவியியலார் கூறட்டும்.

இப்புதினத்தை ஆங்கிலத்தில் வ. கீதா பெயர்த்தார். வெளிநாட்டாரும் போற்றினர். நம் நாட்டுத் திறனாய்வாளரில் பலர் இதற்கும் இதுபோன்ற நூல்களுக்கும் சூட்டும் பட்டம் ஒன்று உண்டு. அதுதான் 'மண் வாசனை'. இந்தச் சொல்லைக் கேட்டாலே நமக்குச் சலிப்பு வருகிறது. மண்ணின் மணத்தை முகர்ந்து மகிழ்கிறவர், மண் யாருடையது என்று கேட்பதில்லை. வட்டாரச் சொல்லைச் சுவைக்கிறவர், அந்தச் சொல்லால் எவனை எவன் அழைத்தான் என்று கேட்பதில்லை. மண்வாசனை என்பதும் வழிப்போக்கன் மூக்கே! பாலையை அழகிய பிரிவுத் துயராக்கிய பழைய நோக்கு, புது உடை உடுத்து வந்திருக்கிறது. கூளமாதாரியை மேய்ச்சல் நிலத்து முல்லைப் பாட்டாக மட்டும் படித்துவிட்டு மூடி வைப்பது, தொங்கவிடப்பட்ட சிறுவனைப் பாராமல் கிணற்றோரத்துக் கொடியை மட்டும் பார்த்துச் செல்வதற்கு ஒப்பு.

அதே ஆசிரியரின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' 2016 இல் வந்தது. 'மாதொருபாகன்' நூலால் எழுந்த எதிர்ப்பில் 2015 சனவரியில் எழுதுவதையே விட்டுவிட்டதாக அவர் அறிவித்ததும், 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்பளித்ததும் நாடறிந்தவை. அதன்பின் வந்த நூல் இது. அசுரர் வாழும் ஒரு கற்பனை நாடு, வறண்ட மேட்டு நிலம், கிழவனும் கிழவியும், அவர்களிடம் வந்து சேர்ந்த ஒரு கருங்குட்டி. ஆட்டுக்கும் காது குத்தி அடையாளம் பதியச் சொல்லும் அரசாங்கம், மழை பொய்த்தபின் கூழுக்கு நீளும் வரிசை, விற்கப்படும் குட்டிகள் எனக் கதை போகிறது. ஆட்டின் கண்ணால் வறட்சியைக் காட்டிய திறம் வியக்கத்தக்கது. வறட்சியில் முதலில் இளைப்பது ஆடு. முதலில் விலையாவதும் ஆடு. கொம்பும் குளம்பும் உள்ள சேமிப்பு அது. சேலம் கருப்பு வெள்ளாடும் மேச்சேரிச் செம்மறியும் இந்த வறண்ட நிலம் நூற்றாண்டுகளாய்ச் செதுக்கிய உயிர்கள் என்பதை அறிந்தவர்க்கு, அந்தக் கருங்குட்டி வெறும் உருவகமன்று.

ஆயினும் ஒரு குறையைக் கூறாது விடுவதற்கில்லை. அசுரர் நாடு என்று பெயரிட்டதும் வரப்புகள் மறைந்துவிடுகின்றன. மழை பெய்யாமை அங்கே எல்லோர்மேலும் ஒன்றுபோல் இறங்குகிறது. அரசாங்கம் ஒருபுறம், குடிகள் மறுபுறம். குடிகளுக்குள்ளே எவனுக்குக் கிணறு, எவனுக்குப் பறி என்ற கேள்வி கூர் மழுங்கிவிடுகிறது. ஆசிரியர் சூழ்நிலை அறிந்தே இந்த வடிவை மேற்கொண்டார் என்பது நமக்குப் புரிகிறது. சாதிப் பெயர் சொல்லி எழுத அஞ்ச வைத்த சமுதாயத்தின் குற்றமே இது, எழுத்தாளர் குற்றமன்று. ஆனால் நூலாக நிறுத்து எடைபோடும்போது, கூளமாதாரியின் கிணறு பூனாச்சியின் வானத்தைவிட ஆழமானது.

தூந்திரத்துக்கும் அதன் மைந்தர் எழுதிய இலக்கியம் உண்டு. வடகிழக்குக் கோடியின் சுக்சி இனத்தில் பிறந்த யூரி ரித்ஹேவ் உருசிய மொழியில் எழுதிய புதினம் ஒன்றில், வெடி விபத்தில் கைகள் சிதைந்த கனடிய மாலுமி ஒருவன் சுக்சி மக்களிடம் விடப்படுகிறான். பனிவெளியை மரணமாக எண்ணி வந்தவன் அதையே ஊராக ஏற்கிறான். வழிப்போக்கனைக் குடியிருப்போனாக மாற்றிக் காட்டிய கதை அது. தமிழில் அத்தகைய கதைக்கு இடமுண்டு. நம் அதிகாரிகளும் ஆசிரியர்களும் மேட்டுக்காட்டுக்கு மாற்றலாகி வந்து, மறுமாற்றல் விண்ணப்பத்தை அன்றே எழுதுபவர்கள் அல்லரோ!

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனிக்கு எசுகிமோ மொழியில் நூறு சொல் உண்டென்று மேடையில் பேசுவோர் இன்றும் உளர். பிராஞ்சு போவாசு என்னும் அறிஞர் 1911 இல் எடுத்துக்காட்டிய வேர்ச்சொற்கள் நான்கே. அதை ஊதி நூறாக்கினர். வியக்க வேண்டுமென்றால் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' கையில் இருக்கிறது. மண்ணுக்கும் ஆட்டுக்கும் நீர் இறைக்கும் கருவிக்கும் இந்த மக்கள் எத்தனை நுண்ணிய வேறுபாடு கண்டிருக்கின்றனர் என்பதை அதில் காணலாம். பாலைக்கு நிலம் இல்லை என்ற இலக்கணத்துக்கு மறுப்புரை அந்த அகராதி.

எழுதப்பட வேண்டிய பகுதி இன்னும் பெரிதாகக் கிடக்கிறது. நீர் இல்லாத நிலம் தன் மக்களுக்கு இரண்டு தொழில்களைக் கற்றுக்கொடுத்தது. ஒன்று, நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரி. மற்றொன்று, திருச்செங்கோட்டு ரிக் வண்டி. தன் காட்டில் நீர் தேடிப் பாறையைத் துளைத்துப் பழகிய ஊர், இந்தியா முழுதும் ஆழ்துளைக் கிணறு போடப் புறப்பட்டது. குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் வடபுலத்தில் துளையிடும் இளைஞன் பொருள்வயிற் பிரிந்த தலைவனேதான். ஆனால் அவன் பாலையைக் கடந்து போகவில்லை. பாலையிலிருந்து புறப்பட்டுப் பிறர் பாலைகளைத் துளைக்கிறான்! அவன் ஊரிலோ ஆயிரம் அடிக்குமேல் துளையிட்டவன் தோட்டம் பசுமையாக நிற்க, பக்கத்துத் திறந்த கிணறு வற்றிப் போகிறது. வரப்பின் வழக்கு மண்ணுக்குக் கீழேயும் போய்விட்டது. நிலத்தடியில் எல்லைக் கல் நட முடியாது. பணமுள்ள துளை பணமில்லாத கிணற்றைக் குடிக்கிறது. தோற்பறி போயிற்று. பறி தைத்தவர் மக்களுக்கு அந்த ஆழ்துளையில் பங்கு வந்ததா? இந்த வினாவைக் கையில் எடுக்கும் புதினத்தை எதிர்நோக்கியிருக்கிறோம்.

படிக்க விழையும் தோழர்கள் கூளமாதாரியில் தொடங்குக. நடுவில் ஒரு நாள் அதை மூடிவைத்து, பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் புல்லரிசி திரட்டும் பகுதியை உரையொடு படித்துவிட்டு, மீண்டும் புதினத்துக்குத் திரும்புக. நாம் எங்கள் பள்ளியின் மேல் வகுப்பு மாணவர்க்கு அப்படித்தான் படித்துக் காட்டினோம். நிலத்தில் தோண்டிய உரலைப் பற்றி மட்டும் அவர்கள் விளக்கம் கேட்கவில்லை. பாறையில் குழித்த உரலைப் பாட்டி வீட்டில் பார்த்திருப்பதாக இருவர் கூறினர்.